பத்துக்கு எத்தனை

வெர்னா ப்ரெக்கி முப்பத்தொரு வருஷம் நார்டல் ஊரின் லைசென்ஸ் அலுவலகத்தில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவள். கார், படகு, மீன்பிடி அனுமதி, எதுவாக இருந்தாலும் அவள் கண்ணைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு தாள் குறைந்தாலும் ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவாள். இன்சூரன்ஸ் தாள் இல்லையென்று சர்ச் பாதிரியாரையே பனிக்குள் திருப்பி அனுப்பியவள் அவள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தபோது முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டாள்.

ஆகவே புருஷன் லைலுக்கு மருத்துவக் கஞ்சா வாங்கித் தருவது என்று அவள் முடிவு செய்தபோது, காரியம் பாதி முடிந்துவிட்டது என்றே நினைத்தாள். அரசாங்கம், படிவம், கையெழுத்து. இதில் அவளுக்குத் தெரியாத சங்கதி என்ன இருக்கிறது?

லைலுக்கு அறுபத்தாறு வயது. ஆறடி மூன்று அங்குலம். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். மூன்று வருஷத்துக்கு முன்பு ஓர் அக்டோபர் மாதம் தானியக் கிடங்கின் ஏணியிலிருந்து விழுந்தான். முதுகில் இரண்டு அறுவை சிகிச்சை, இரண்டு கம்பி, ஆறு திருகாணி. எலும்பு கூடிவிட்டது, வலி மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது. மல்லாந்து படுத்தால் இடுப்பிலிருந்து இடது கால் கட்டைவிரல் வரை நரம்பு எரியும். ஊசி போட்டுப் பார்த்தார்கள், பட்டை ஒட்டிப் பார்த்தார்கள், நீந்தச் சொன்னார்கள். கடைசியில் கொடுத்த பெரிய மாத்திரை வலியோடு சேர்த்து ஆளையும் அழித்தது. ஒருநாள் சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றான். அன்று வீட்டுக்கு வந்ததும் மாத்திரைப் புட்டியை அவளிடம் நீட்டி, "இத எங்கயாவது ஒப்படைச்சிரு" என்றான். அவ்வளவுதான் பேச்சு.

அன்றிலிருந்து அவன் தூங்குவது கூடத்தில், சாய்வு நாற்காலியில். பக்கத்தில் ஒரு பிடி இருக்கும், இழுத்தால் கால்பலகை டக்கென்று மேலே வரும். பாதி உட்கார்ந்தும் பாதி சாய்ந்தும் இருந்தால் எரிச்சல் கொஞ்சம் தணியும். இப்படியே இரண்டு வருஷமும் நான்கு மாதமும் போய்விட்டன.

வெர்னாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. புருஷன் கட்டிலுக்குத் திரும்பி வர வேண்டும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. லைலிடமும் சொன்னதில்லை. நார்டலில் இதெல்லாம் வாய்விட்டுச் சொல்லுகிற விஷயமா என்ன?

நார்டல்காரர்களைப் பற்றி இந்த இடத்தில் கொஞ்சம் திட்டிவிட்டுத்தான் மேலே போக முடியும். எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "மோசமில்ல" என்பார்கள். கால் உடைந்து கட்டுப் போட்டிருந்தாலும் மோசமில்ல. வீடே எரிந்துபோனால் "இன்னும் மோசமாப் போயிருக்கலாம்." அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. இன்னொன்று, எதைக் கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்பார்கள். இரண்டாம் தடவை கேட்டால் உனக்கெதற்குச் சிரமம் என்பார்கள். மூன்றாம் தடவை கேட்டால்தான் கை நீளும். ஒரு காப்பி குடிக்க வைப்பதற்குள் காப்பி ஆறிவிடும். சர்ச் நிலவறையில் விருந்து முடிந்ததும் தட்டில் கடைசியாக ஒரு கேக் துண்டு மிஞ்சும். எடுப்பதற்கு யாருக்கும் மனசு வராது. ஒருவர் அதில் பாதியை வெட்டி எடுப்பார், அடுத்தவர் மிச்சத்தில் பாதியை. கடைசியில் தட்டில் கிடக்கிற துணுக்கை எறும்புதான் கூச்சப்படாமல் எடுக்க வேண்டும்.

லைலும் வெர்னாவும் சந்தித்த கதையும் இதே மாதிரிதான். படகைப் பதிவு செய்ய வந்தான். விற்றவர் கையெழுத்துப் போட்ட தாள் இல்லை. திருப்பி அனுப்பினாள். அடுத்த வாரம் வந்தான், அப்போதும் இல்லை. மூன்றாம் வாரம் தாளோடு வந்து, வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிட வருகிறாயா என்று கேட்டான். இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். அது நடந்து முப்பத்தாறு வருஷம் ஆகிறது.

ஜனவரி மாதக் கடைசியில் ஒருநாள் காலை, சாப்பாட்டு மேஜையில் நீலக் கோப்பு ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு வெர்னா புருஷனுக்குப் பாடம் எடுத்தாள்.

"மூணு படிதான். சட்டத்துல ஒரு பட்டியல் இருக்கு. புற்றுநோய், வலிப்பு, அந்த மாதிரி. அதுல உன்னோடது தீராத வலி. வேற எந்த வைத்தியத்துக்கும் அடங்காத வலின்னு அர்த்தம். அது இருக்குன்னு ஒரு டாக்டர் சான்று போடணும்."

"நம்ம டாக்டர் போடுவாரே."

"போட முடியாது. இந்தத் திட்டத்துல பேர் குடுத்த டாக்டர்தான் போடணும். நாப்பது மைல் தள்ளி ஒரு டாக்டரம்மா இருக்காங்க, நேரம் வாங்கிட்டேன். அவங்க போட்டதும் அரசாங்கத்துலேர்ந்து மெயில் வரும். அதுல பதிவு பண்ணி, உன் லைசென்ஸ ஏத்தணும். அவங்க சரின்னுட்டா மருந்துக்கடை."

லைல் காப்பிக் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தான். "புகைக்கணுமா?"

"இல்ல. மாத்திரை மாதிரி முழுங்கறது. இல்லன்னா எண்ணெய்."

"ஆர்விட் காதுல விழுந்தா?"

ஆர்விட் என்பவன் பெட்ரோல் நிலையத்துக் காப்பி மேஜையில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் ஆள். ஊர்ச்செய்தி அவனிடமிருந்துதான் மற்ற மேஜைகளுக்குப் போகும்.

"விழட்டும். அவன் முழங்கால் மாத்தினப்ப ஊரே கேட்டுச்சு, நாம ஏதாவது சொன்னோமா?" என்றாள் வெர்னா. "நீ வந்து டாக்டர் கேக்கறதுக்குப் பதில் சொல்லு, போதும். மத்ததெல்லாம் இந்தக் கோப்புல இருக்கு."

கோப்பில் எல்லாமே இருந்தன. அறுவை சிகிச்சைச் சான்றுகள், எக்ஸ்ரே படங்கள், எந்தெந்த மருந்து எத்தனை மாதம் சாப்பிட்டான், எது கேட்கவில்லை என்கிற பட்டியல், முகவரி காட்ட மின்கட்டண ரசீது. லைசென்ஸில் இருக்கும் பெயரும் ஆஸ்பத்திரிப் பெயரும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருந்தாள். இப்படி ஒரு கோப்பைத் தன் கவுண்டரில் யாராவது நீட்டியிருந்தால் எழுந்து நின்று கைகுலுக்கியிருப்பாள்.

பிப்ரவரியில் பூஜ்யத்துக்கு இருபது டிகிரி கீழே குளிர் இறங்கியிருந்த ஒரு காலையில், இன்ஜின் உறையாமலிருக்க இரவெல்லாம் மின்சாரத்தில் செருகி வைத்திருந்த வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். டாக்டர் பிக்கோலி நியூ ஜெர்சிக்காரர். இந்தப் பக்கம் வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. நாற்பது வயது, வேகமான பேச்சு. கோப்பைப் புரட்டிப் பார்த்து, "இவ்வளவு ஒழுங்கா ஒரு கோப்ப நான் பாத்ததே இல்ல" என்றார். வெர்னாவுக்கு உச்சி குளிர்ந்தது.

"மிஸ்டர் ப்ரெக்கி, வலி எப்படி இருக்கு?"

"மோசமில்ல."

"பத்துக்கு எத்தன சொல்லுவீங்க? பூஜ்யம்னா வலியே இல்ல. பத்துன்னா தாங்கவே முடியல."

லைல் கூரையைப் பார்த்து யோசித்தான். "ரெண்டு இருக்கும்." அப்புறம் நேர்மையான மனுஷன் என்பதால், "ரெண்டர" என்று திருத்தினான்.

"தூக்கம்?"

"தூங்கறேங்க."

டாக்டர் கோப்பைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "தாள்ல இருக்கறது ஒண்ணு, நீங்க சொல்றது ஒண்ணு. இந்தச் சான்று உங்களுக்கு வேணும்னு நீங்களே நெனைக்கறீங்களா?"

"அய்யோ, எனக்காக நீங்க சிரமப்பட வேணாங்க."

வெர்னா நாற்காலியில் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். இது முதல் வேண்டாம். இனி டாக்டர் இரண்டாவது கேட்பார், இவன் மறுப்பான், மூன்றாவது கேட்பார், இவன் சரி என்பான். குறுக்கே பேசுவது அவளுக்கு வழக்கமில்லை. முப்பத்தொரு வருஷத்தில், மனுச் செய்பவனுக்குப் பதிலாக அவன் மனைவியைப் பேச அவள் ஒருநாளும் விட்டதில்லை.

"சரி" என்று டாக்டர் கணினியை மூடினார். எழுந்து கைகொடுத்தார். "நல்லா இருக்கீங்கங்கறது சந்தோஷம். மோசமானா வாங்க."

மூன்றே நிமிஷத்தில் இருவரும் கோப்போடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். நியூ ஜெர்சியில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் போலிருக்கிறது. வெர்னாவின் முகத்தில் ஈயாடவில்லை.

இருபது மைல் வரை வண்டியில் பேச்சு மூச்சு இல்லை. இருபத்தோராவது மைலில் வெர்னா, "இது ஒரு மாதிரியாதான் இருந்துச்சு" என்றாள். நார்டலில் இதைவிடக் கடுமையான வசவு கிடையாது. ஆனால் அதோடு அவளுக்கு ஆறவில்லை.

"ரெண்டரையா? ஏன் லைல், அந்த அரைய எதுக்கு விட்டுவெச்ச? அதையும் கழிச்சிருக்கலாமே!"

"வெளில எத்தன பேர் உக்காந்திருந்தாங்க, பாத்தியா? ஒரு பொண்ணு தலைமுடியே இல்லாம உக்காந்திருந்துச்சு. அதுக்கு முன்னாடி நான் என்னன்னு சொல்றது?"

"அந்தப் பொண்ணோட வலிய உன் கணக்குலேர்ந்தா கழிக்கறாங்க?"

"அப்படியில்ல..."

"காலைல பூட்ஸ் மாட்டறதுக்கு உனக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

லைல் சீட்டில் இடது பக்கம் சாய்ந்து, கதவின் கைப்பிடியை விரல் வெளுக்கும்படி பிடித்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் வெர்னாவுக்குக் கோபம் போய்விட்டது. ஆனாலும் அவள் தோல்வியை ஒப்புக்கொள்ளுகிற ஆளில்லை. வீட்டுக்குப் போய்க் கோட்டைக்கூடக் கழற்றாமல் தொலைபேசியை எடுத்தாள். ஆறு வாரம் கழித்து இன்னொரு நேரம் கிடைத்தது.

தாள் போதவில்லை என்றால் இன்னும் தாள் சேர்ப்பதுதான் அவளுக்குத் தெரிந்த வழி. விதை வியாபாரி கொடுத்த சின்ன டைரி ஒன்றைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். கூடத்தில் நாற்காலிப் பிடி டக்கென்று சத்தம் போடும்போதெல்லாம் மணி பார்த்து எழுதினாள். பகலில் எத்தனை படி ஏறினான், எந்தப் படியில் நின்றான், தபால் பெட்டி வரை போய்வர எவ்வளவு நேரம் ஆனது, எல்லாவற்றையும் எழுதினாள். நாற்பத்திரண்டு நாள், ஒருநாள் விடாமல். அத்தோடு டாக்டருக்கு ஓர் அஞ்சலட்டையும் போட்டாள். "எங்க ஊர்ல எதையும் மூணு தடவ கேக்கணும். முதல் ரெண்டு வேணாம் கணக்குல சேராது."

இதற்கிடையில் ஆர்விட் காதில் விழுந்துவிட்டது. ஒருநாள் பெட்ரோல் போடப் போன இடத்தில் பிடித்துக்கொண்டான்.

"என்ன லைல், நீ கஞ்சா கேஸ் ஆயிட்டியாமே?"

"இன்னும் ஆகல. பரீட்சைல ஃபெயிலாயிட்டான்" என்றாள் வெர்னா.

"கஞ்சா பரீட்சைலயுமா ஃபெயிலு? என் பேரன் அதுல மட்டும்தான் பாஸானான்!"

மேஜையே விழுந்து விழுந்து சிரித்தது. லைலும் சிரித்தான். சிரிக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டதை வெர்னா பார்த்தாள், மணி பார்த்துக்கொண்டாள்.

ஏப்ரல் முதல் வாரம் பனி உருகிச் சாலையோரம் அழுக்காகக் கிடந்தது. டாக்டர் பிக்கோலியின் மேஜையில் அஞ்சலட்டை கண்ணில் படும்படி சாய்த்து வைத்திருந்தது. டைரியை அவர் முன்னால் வைத்துவிட்டு வெர்னா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மிஸ்டர் ப்ரெக்கி, இந்தச் சான்று உங்களுக்கு வேணுமா?" டாக்டர் ஒரு விரலை நீட்டினார்.

"பரவால்லங்க, வேணாம்."

இரண்டாவது விரல். "வேணுமா?"

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்."

மூன்றாவது விரல். "வேணுமா?"

லைல் நெளிந்தான். "நீங்க இவ்வளவு தூரம் சொல்றீங்க. போட்டா போடுங்க."

வெர்னாவுக்கு எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது. டாக்டரும் சிரித்துவிட்டார். பேனாவை எடுத்துக்கொண்டு, "சரி. இப்ப வலி பத்துக்கு எத்தன?" என்றார்.

"மூணு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இங்க பாருங்க. நான் கையெழுத்துப் போடப்போறது, இந்த மனுஷனுக்கு எதுக்கும் அடங்காத வலி இருக்குங்கறதுக்கு. தாள் எல்லாம் இருக்கு, நான் நம்பறேன். ஆனா வலி யாருக்கோ அவங்க வாயாலதான் நான் அதக் கேக்கணும். மூணுன்னு சொல்ற ஆளுக்கு நான் எப்படிப் போடறது?"

லைல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் டைரியை எடுத்துப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். அடுத்த பக்கத்துக்குப் போனார். பிறகு வெர்னா பக்கம் திரும்பினார்.

"மிஸஸ் ப்ரெக்கி, நீங்க எப்படி இருக்கீங்க?"

"நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றாள் வெர்னா. யோசிக்காமல் வந்துவிட்டது.

"ஒண்ணு பத்து. ரெண்டு நாப்பது. மூணு அம்பது. நாலர. அடுத்த நாளும் இப்படியே. நாப்பத்திரண்டு ராத்திரி." டாக்டர் டைரியை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். "அவர் முழிச்சிருந்ததுக்கு இது சாட்சி. எழுதின கை யாரோடது?"

வெர்னா டைரியைப் பார்த்தாள். அவள் கையெழுத்துத்தான். ஒவ்வொரு மணிக்கும் நேர்கோட்டில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பாள்! தாள் குறைந்தவர்களைக் கோபமில்லாமல் அனுப்புவாள். பொய் எழுதிக் கொடுப்பவர்களைத்தான் அவளால் மன்னிக்கவே முடிந்ததில்லை. இப்போது அவளே தன் கையால் உண்மையை எழுதி நீட்டிவிட்டு, வாயால் பொய் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டிருந்தது லைல் மட்டும் இல்லை.

"இல்ல" என்றாள். செருமிக்கொண்டாள். "தப்பாச் சொல்லிட்டேன். நான் நல்லா இல்ல."

லைல் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான்.

"ரெண்டு வருஷம் நாலு மாசம்... இல்ல, இப்ப ரெண்டர வருஷமாச்சு, நான் தனியாப் படுத்திருக்கேன். அந்த நாற்காலி சத்தம் கேட்டா முழிச்சிக்கறேன். கேக்கலன்னா, ஏன் கேக்கலன்னு முழிச்சிக்கறேன். அவன் பக்கத்துத் தலகாணிக்கு வாராவாரம் உறை மாத்தறேன், யாருமே படுக்காத தலகாணிக்கு. எழுந்து போய்ப் பக்கத்துல உக்காரணும்னு தோணும். போனா, நான் நல்லாத்தான் இருக்கேன் நீ போய்ப் படும்பான். அதனால போறதில்ல. எனக்கு இந்தச் சான்று எதுக்குன்னா, எனக்கு என் புருஷன் கட்டிலுக்குத் திரும்பி வரணும். அவ்வளவுதான். அத எழுத எந்தப் படிவத்துலயும் இடம் இல்ல."

நார்டலில் பிறந்த ஒருத்தி இவ்வளவு பேசிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. பேசி முடித்ததும் கைப்பையைத் திறந்து எதையோ தேடுகிற மாதிரி தேடினாள். லைலின் காது இரண்டும் பீட்ரூட் நிறத்துக்கு வந்துவிட்டன. டாக்டர் அவசரப்படுத்தவில்லை.

"ஒம்போது" என்றான் லைல்.

"என்ன சொன்னீங்க?"

"சாயங்காலம் ஆனா ஒம்போது. காலைல எட்டு. பல்லக் கடிச்சிக்கிட்டுத்தான் காலுறை மாட்டறேன். போன வாரம் சர்ச்சுக்குப் போனப்ப வண்டிய நிறுத்தறேன்னு சொல்லி உன்ன முன்னாடி அனுப்புனேனே..." அவன் டாக்டரிடம் பேசவில்லை, வெர்னாவிடம் பேசினான். "வண்டிக்குள்ளயே உக்காந்து அழுதுட்டுத்தான் உள்ள வந்தேன். நீ தூங்கறன்னு நெனச்சேன், வெர்னா. நீயாவது தூங்கணும்னுதான் சத்தமில்லாம இருந்தேன்."

"அந்தப் பிடி சத்தம் போடுது, லைல்."

"எண்ணெய் போட்டிருக்கணும்."

டாக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கணினிப் பக்கம் திரும்பினார். "ஒம்போது" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே தட்டினார். நான்கு நிமிஷத்தில் சான்று போய்விட்டது.

மறுநாள் அரசாங்கத்திலிருந்து மெயில் வந்தது. இரண்டாம் படி. இது வெர்னாவின் ராஜ்யம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பெயர், பிறந்த தேதி, முகவரி என்று பியானோ வாசிக்கிற மாதிரி தட்டினாள். லைலின் லைசென்ஸைப் படம் எடுத்து ஏற்றினாள். அந்த லைசென்ஸ் புகைப்படத்தை எடுத்தவளும் அவள்தான், ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம். சிரி என்று அவள் சொன்னதற்கு அவன் தந்த சிரிப்பைக் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். கடைசியில் ஒரு கட்டம் வந்தது. மேலே கூறியவை அனைத்தும் உண்மை என்று உறுதி கூறுகிறேன்.

"இத நீதான் அழுத்தணும்" என்று சுட்டியை அவன் பக்கம் தள்ளினாள்.

லைல் கையை எடுத்துக்கொண்டு போய் நடுவில் நிறுத்தினான். "உண்மைன்னா, இன்னொண்ணு இருக்கு."

"என்ன?"

"அந்தப் படகுத் தாளு. முதல் ரெண்டு தடவையும் என் சட்டப் பையிலதான் இருந்துச்சு."

வெர்னா கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தாள். முப்பத்தாறு வருஷம்! ஊரில் ஒருத்தன் விடாமல் எல்லாரையும் பிடித்தவள், கண்ணெதிரே நின்ற பெரிய மோசடியைக் கோட்டை விட்டிருக்கிறாள்.

"அழுத்துடா, திருட்டுப் பயலே" என்றாள். அவன் அழுத்தினான்.

எட்டு நாளில் அனுமதி வந்தது. மருந்துக்கடையில் ஒரு மருந்தாளர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து லைலிடம் கேள்வி கேட்டார். வலி பத்துக்கு எத்தனை என்றதற்கு, "எட்டு. சாயங்காலம் ஒம்போது" என்று லைல் பெயர் சொல்வதைப் போலச் சொன்னான். வெர்னா பின்னால் நின்றுகொண்டு வாயே திறக்கவில்லை. வாசலில் காத்திருந்தவர்களில் இரண்டு பேர் அவர்கள் சர்ச்சைச் சேர்ந்தவர்கள். நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்து, குளிர் குறைந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. வெர்னா அசரவில்லை. மருந்தாளரை அவளே தொலைபேசியில் பிடித்து லைலைப் பேச வைத்தாள். அளவை மாற்றினார்கள். இரண்டாம் வாரம் ஒருநாள் லைல் படியில் நிற்காமல் ஏறினான். பிறகொரு நாள் குனிந்து பல்லைக் கடிக்காமல் காலுறையை மாட்டிவிட்டு, பதக்கம் வாங்கினவன் மாதிரி காலை நீட்டிக் காட்டினான். ஆனால் இரவானால் நாற்காலிதான். அவனுக்குப் பயம் என்பது அவளுக்குத் தெரிந்தது. படுத்துப் பார்த்து, மறுபடியும் எரிந்தால்? அவள் கேட்கவில்லை. உறையை மட்டும் மாற்றினாள்.

மே மாதம் ஏரியில் பனிக்கட்டி உடைந்த வாரம். வியாழக்கிழமை மத்தியானம் சர்ச் நிலவறையைக் கூட்டிப் பெருக்கிவிட்டு, மிஞ்சின கேக் துண்டு ஒன்றைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு வெர்னா வீட்டுக்கு வந்தாள். முழுத் துண்டு. கேட்காமல், கூச்சப்படாமல், முதல் ஆளாக எடுத்துக்கொண்டு வந்தாள்.

கூடத்தில் நாற்காலி காலியாக இருந்தது. போர்வை மடித்து வைத்திருந்தது.

"லைல்?"

வண்டிக் கொட்டகையில் பார்த்தாள். குளியலறையில் பார்த்தாள். மறுபடியும் எங்கேயாவது ஏறி விழுந்துவிட்டானா? மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டிப் போனாள்.

படுக்கையறை ஜன்னல் திறந்திருந்தது. கட்டிலில், அவனுடைய பக்கத்தில், ஆறடி மூன்று அங்குலமும் மல்லாந்து கிடந்தது. கால் கட்டைவிரல் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது.

"நாலு" என்றான், அவள் கேட்பதற்கு முன்பே.

வெர்னா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "நெஜ நாலா, நார்டல் நாலா?"

"நெஜ நாலு. ஒரு மணி நேரமாப் படுத்திருக்கேன். நீ வர்றதுக்குள்ள எழுந்திருச்சிரக் கூடாதுன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்." பக்கத்துத் தலையணையைக் கையால் தட்டினான். "வா."

அவள் வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கேக்கை மேஜையில் வைத்தாள், கோட்டைக் கழற்றினாள், செருப்போடு ஏற இருந்தவள் நினைவு வந்து செருப்பையும் கழற்றினாள். மெத்தை அவன் பக்கம் சரிந்திருந்தது. அந்தச் சரிவை அவள் உடம்பு மறந்திருக்கவில்லை. மெல்லப் படுத்து, அவன் இடுப்பில் படாதபடி தோளில் தலையை வைத்தாள்.

"உனக்கு எத்தன?" என்றான் லைல்.

வெர்னா படிவத்தை நிரப்புகிறவள் மாதிரி, சரியான எண் எது என்று யோசித்தாள்.

"காலைல ஏழு இருந்துச்சு" என்றாள். "இப்ப இல்ல."